செயற்கைக் காலின் குழாய்க்கு மக்னீசியமா, டைட்டேனியமா?

கேள்வி: பரந்தன் கடைசற்பட்டறை

வணக்கம். பரந்தனில் சிறிய கடைசற்பட்டறை வைத்திருக்கிறேன். உழவு இயந்திர அச்சு, நீர்ப்பம்பித் தண்டு, நெல் வெட்டும் இயந்திரத்தின் புஷ் என்று வேலை ஓடுகிறது. உருக்கும் வார்ப்பிரும்பும் பித்தளையும் கைக்குப் பழகியவை. அலுமினியமும் கடைந்திருக்கிறேன். நான் கேட்கப்போகும் இரண்டு உலோகங்களிலும் இதுவரை கை வைத்ததில்லை.

என் அக்காவின் கணவருக்கு 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வட்டக்கச்சியில் இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல் அவருடையது. வரம்பு கட்டுவது, மருந்தடிப்பது, உரம் எறிவது எல்லாவற்றையும் அவரே செய்கிறார். அவருடைய செயற்கைக் காலின் நடுவில் துருப்பிடிக்காத உருக்குக் குழாய் ஒன்று இருக்கிறது. வெளி விட்டம் 30 மில்லிமீற்றர், சுவர் 2 மில்லிமீற்றர், நீளம் 20 சென்ரிமீற்றர். சேற்றுக்குள் இறங்கினால் ஒவ்வோர் அடிக்கும் அந்தக் காலை உருவி எடுக்க வேண்டும். மாலையானால் தொடை இழுத்துப் பிடிக்கிறது என்கிறார். குழாயை மாற்றினால் பாரம் குறையுமே என்பதுதான் என் யோசனை.

கனடாவில் இருக்கும் மாமாவின் மகன், ஏஇசட்31 என்ற மக்னீசியக் கலப்புலோகக் குழாய் அனுப்பித் தருகிறேன் என்கிறான். அலுமினியத்திலும் மூன்றில் ஒரு பங்கு இலேசாம். அவனோடு வேலை செய்யும் ஒருவரோ, மக்னீசியத்தைத் தொடவே வேண்டாம், விலை பல மடங்கானாலும் டைட்டேனியம் வாங்குங்கள் என்கிறாராம். டைட்டேனியம் மக்னீசியத்தைவிட இரண்டரை மடங்கு பாரம் என்று படித்தேன். பாரத்தைக் குறைக்கத்தானே தேடுகிறோம், பிறகு எதற்காகப் பாரமான உலோகம்? சேற்றையும் உரத்தையும் எது தாங்கும்? என் கடைசல் இயந்திரத்தில் இவற்றைக் கடையலாமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: முள்ளியவளைக்காரி

தம்பி, நான் முள்ளியவளையில் வளர்ந்தவள். இப்போது தொழில்நுட்ப மாணவர்களுக்கு உலோகவியல் படிப்பிக்கிறேன். குழாயின் அளவைத் தந்தது நல்லதாயிற்று, கணக்குப் போட்டே பேசலாம்.

முதலில் நிறை. உங்கள் அளவுக் குழாயில் இருக்கும் உலோகத்தின் கன அளவு ஏறத்தாழ 35 கன சென்ரிமீற்றர். துருப்பிடிக்காத உருக்கில் அது 280 கிராம். டைட்டேனியம் தரம் 5 என்று விற்கப்படும் கலப்புலோகத்தில், அதாவது அலுமினியம் 6 வீதமும் வனேடியம் 4 வீதமும் சேர்ந்ததில், 156 கிராம். அலுமினியத்தில் 95, ஏஇசட்31 மக்னீசியத்தில் 62 கிராம். இதோடு நிறுத்தினால் உங்கள் மாமாவின் மகன் சொல்வதுதான் சரி.

ஆனால் அத்தான் வரம்பிலிருந்து வயலுக்குள் இறங்கும்போது அந்தக் குழாய்க்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடல் நிறை முழுவதும் நேராகக் குழாயின் மேல் இறங்குவதில்லை. பாதத்தின் முன்பகுதி முதலில் ஊன்றுகிறது, குழாய் அதற்குப் பத்து சென்ரிமீற்றர் பின்னால் நிற்கிறது. 70, 75 கிலோ மனிதர் சற்று விசையோடு கால் வைத்தால் 1500 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து சென்ரிமீற்றர் தள்ளி அந்த விசை விழும்போது குழாய் வளைய முனைகிறது. 30க்கு 2 அளவுள்ள குழாயில் அப்போது ஏற்படும் தகைப்பு, அதாவது உலோகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் சுமக்கும் விசை, 140 மெகாபாஸ்கலை எட்டும். தரம் 5 டைட்டேனியம் நிரந்தரமாக வளையத் தொடங்குவது 830 மெகாபாஸ்கலுக்கு மேல். பதப்படுத்திய 6061 அலுமினியத்துக்கு 275ஐ ஒட்டி வரும். ஏஇசட்31 குழாயை இழுத்துச் சோதித்தால் 160 வரை தாங்கும், கடைக்காரர் எழுதிப் போடுவதும் இந்த எண்ணைத்தான். அவர் எழுதாமல் விடுகிற இன்னோர் எண் இருக்கிறது. அச்சின் வழியே பிதுக்கியெடுத்த மக்னீசியக் கலப்புலோகம் இழுவையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்காது. அதன் பளிங்கு அமைப்பு அறுகோண அடுக்கு. குழாயின் நீளவாக்கில் அமுக்கும்போது அந்தப் பளிங்குகள் எளிதில் மடிந்து திரும்பிக்கொள்கின்றன. ஆகவே அமுங்கும் பக்கத்தில் 100 மெகாபாஸ்கல் அளவிலோ அதற்கும் கீழேயோ நெளியத் தொடங்கிவிடும். வளைகிற எந்தக் குழாய்க்கும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். 140 எங்கே, 100 எங்கே? அந்த 62 கிராம் குழாய் அத்தானின் காலுக்குக் கீழே நிற்காது.

சுவரைத் தடிப்பாக்கலாமே என்று கேட்பீர்கள். பிடிக்கும் கவ்விகள் 30 மில்லிமீற்றருக்கு என்றே செய்யப்படுவதால் வெளி விட்டத்தைக் கூட்ட வழியில்லை, உள்ளேதான் தடிப்பாக்க வேண்டும். சுவரை 4 மில்லிமீற்றர் ஆக்கினால் தகைப்பு 84 மெகாபாஸ்கலுக்கு இறங்கும். அப்போதும் மயிரிழைதான். நிறையோ 116 கிராம் ஆகிவிடும். சாதாரண அலுமினியக் குழாயே 95தான்! டைட்டேனியத்தில் இதே கணக்கை எதிர்ப்பக்கமாகப் போடுங்கள். சுவரை 1 மில்லிமீற்றருக்கு மெலிதாக்கினால் தகைப்பு 250 ஆகிறது, 830க்கு அருகில்கூட வரவில்லை. நிறை 81 கிராம். உங்கள் முதல் சந்தேகத்துக்கு விடை இதுதான். பாரமான உலோகத்தில் செய்த குழாய் இலேசாகவும், இலேசான உலோகத்தில் செய்த குழாய் பாரமாகவும் வந்து முடிகின்றன.

நிறைக்கு நிறை பார்த்தால் விறைப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை. விறைப்பை அளக்கும் யங்கின் மட்டு மக்னீசியத்துக்கு 45 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 69, தரம் 5 டைட்டேனியத்துக்கு 114, உருக்குக்கு 200 சொச்சம். ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள், நான்குமே 25, 26 என்றுதான் வரும். இயற்கை இந்த நான்கு உலோகங்களுக்கும் ஒரே பங்கை அளந்து கொடுத்திருப்பதை வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆனந்தம்.

மக்னீசியத்தைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். தட்டையான பலகை போன்ற உறுப்புகளுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. பலகை வளையாமல் நிற்பது அதன் தடிப்பின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. அதே நிறைக்கு மக்னீசியத்தில் தடித்த பலகை கிடைப்பதால் அது விறைப்பில் எல்லாரையும் தாண்டிவிடும். மடிக்கணினியின் உடல், கமராவின் உடல், பற்சக்கரப் பெட்டியின் மூடி, மரம் வெட்டும் சங்கிலி வாளின் உடல் எல்லாம் மக்னீசியத்தில் வருவது அதனால்தான். உங்களுக்குத் தேவைப்படுவதோ மெல்லிய, நீண்ட, விட்டம் கட்டுப்பட்ட ஒரு குழாய். மக்னீசியத்துக்குப் பொருந்தாத வடிவம் அது.

இனிக் களைப்பு. உலோகம் ஒரே சுமையில் முறியாவிட்டாலும், சிறு சுமை இலட்சக்கணக்கான தடவை வந்து போனால் முறியும். அத்தானின் அந்தக் கால் ஒரு நாளைக்கு 2000 தடவை நிலத்தில் பதிகிறது என்றால் ஆண்டுக்கு ஏழு இலட்சத்தைத் தாண்டும். செயற்கைக் கால்களுக்கான ஐஎஸ்ஓ 10328 என்ற சர்வதேசத் தரம் 30 இலட்சம் சுற்றுச் சோதனையைக் கேட்பது இதனால்தான். தரம் 5 டைட்டேனியம் ஒரு கோடி சுற்றுக்கு 500 மெகாபாஸ்கல் அளவில் தாங்கக்கூடியது. வார்ப்பு மக்னீசியத்தில் அதிகம் புழங்கும் ஏஇசட்91 அதே சோதனையில் 100ஐத் தாண்டாது. மேற்பரப்பில் ஒரு கீறலோ அரிப்புக் குழியோ விழுந்துவிட்டால் அதுவும் கிடைக்காது.

அரிப்புக் குழி என்று எழுதியதும் வயலுக்கு வந்துவிட்டோம். மக்னீசியம் ஈரத்தில் தன் மேல் ஐதரொட்சைட்டுப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். குளோரைட்டு அந்தப் படலத்தைக் கிழித்துவிடும். வயலில் குளோரைட்டு எங்கே என்று கேட்காதீர்கள். நாங்கள் எறியும் எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைட்டுத்தான். வியர்வையில் உப்பு இருக்கிறது. எங்கள் பக்கக் குழாய்க் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர். இதற்கு மேல், கவ்வியும் திருகாணியும் உருக்காக இருக்கும். மக்னீசியத்தின் மின்வாய் அழுத்தம் கழித்தல் 2.37 வோல்ட், கட்டுமானத்துக்குப் பயன்படும் உலோகங்களில் அதைவிட எளிதில் கரைவது வேறில்லை. உருக்கைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் நின்றால் உருக்கைக் காப்பாற்றிவிட்டுத் தான் அழியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய அறுவை மருத்துவர் அல்பன் லம்பொட், முறிந்த காலெலும்புக்கு மக்னீசியத் தகடு வைத்துப் பொன்முலாம் பூசிய உருக்காணிகளால் இறுக்கினார். எட்டே நாளில் தகடு கரைந்து தோலுக்கடியில் வாயு நிரம்பிவிட்டது. உடலின் உப்புநீரில், இரண்டு உலோகங்களுக்கு நடுவில் நடந்தது அது. டைட்டேனியத்தின் மேல் தானாகவே படியும் ஒட்சைட்டுப் படலம் கடல் நீரிலும் கிழிவதில்லை. கீறினாலும் ஈரம் பட்டவுடனே மீண்டும் மூடிக்கொள்ளும்.

ஆகவே மக்னீசியம் வேண்டாம். அதைவிட முக்கியமாக ஒன்று: எந்த உலோகமானாலும் குழாயை நீங்களே கடைந்து பொருத்த வேண்டாம். அத்தானின் நிறைக்கென்று சோதித்து முத்திரையிட்ட உறுப்புகள் வருகின்றன. கால் பொருத்திய நிலையத்திலேயே கேளுங்கள்.

பதில்: முல்லைக் கரை மெக்கானிக்

அக்கா சொன்ன அரிப்பைக் கையால் தொட்டுப் பார்த்தவன் எழுதுகிறேன். முல்லைத்தீவில் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் திருத்துகிறேன். கடலில் ஓடும் இயந்திரத்தின் காலில் ஒரு துத்தநாகக் கட்டி பூட்டியிருக்கும். மற்ற உறுப்புகளுக்காகக் கரைவதுதான் அதன் வேலை. நன்னீரில் ஓட்டுபவர்கள் அதற்குப் பதில் மக்னீசியக் கட்டி பூட்டுவார்கள். கடலில் மக்னீசியக் கட்டி போட்டால் தேவைக்கு மேல் வேகமாகக் கரைந்து காணாமலே போய்விடும். கரைவதற்கென்றே பூட்டுகிற ஒரு பொருளை மனிதர் ஊன்றி நடக்கும் காலுக்குள் வைக்கலாமா?

சங்கிலி வாள்களும் என்னிடம் திருத்த வரும். கரையோரத்தில் பாவித்த வாளின் உடலைக் கழற்றினால் உருக்குத் திருகாணி இருந்த துளையைச் சுற்றி வெள்ளை மா பூத்திருக்கும். விரலால் தட்டினால் உதிரும். உதிர்ந்த இடத்தில் பயறு அளவு குழிகள். துளையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பார்த்தால் உலோகம் புதிதுபோல இருக்கும். உருக்கைத் தொட்ட இடத்தில்தான் முழு அழிவும்.

ஒரு சின்ன உதவிக் குறிப்பு. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் வார்ப்பு மக்னீசியமா அலுமினியமா என்று தெரியாவிட்டால், அரத்தால் சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள். மக்னீசியம் என்றால் உடனே நுரைக்கும். அலுமினியம் சும்மா கிடக்கும். ஒட்டு (வெல்டிங்) வேலைக்கு முன் இதைச் செய்யாதவர்கள் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பதில்: பரந்தன் கடைசற்பட்டறை

அக்கா, கணக்கை நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். 140 சரியாக வருகிறது. மக்னீசியத்தை விட்டுவிட்டேன். மாமாவின் மகனுக்கும் சொல்லிவிட்டேன்.

ஆனால் தம்பி மெக்கானிக் எழுதியதைப் படித்த பிறகு வேறொரு கவலை வந்திருக்கிறது. வார்ப்பு உறுப்புகள் என் பட்டறைக்கும் வருகின்றன. இதுவரை எல்லாவற்றையும் அலுமினியம் என்று நினைத்தே வாங்கி வைத்திருக்கிறோம். மக்னீசியம் கடைசலில் தீப்பிடிக்கும் என்பது உண்மையா? டைட்டேனியம் எப்படி?

பதில்: வவுனியா கடைசல் ஐயா

உண்மை. கவனமாக வாசியுங்கள்.

மக்னீசியத்தைப் போல இலகுவாக வெட்டுப்படும் உலோகம் கிடையாது. உளி கூராக இருந்தால் வேகமாக ஓட்டலாம், வெட்டும் விசையே தெரியாது. ஆபத்து கட்டியில் இல்லை, சீவலில் இருக்கிறது. கட்டியில் பட்ட சூட்டை மக்னீசியம் உடனே முழு உடம்புக்கும் பரப்பிவிடும், அதனால் தடித்த துண்டு இலகுவில் பற்றாது. மயிர் போன்ற மெல்லிய சீவலும் அரத்தூளும் பரப்ப இடமில்லாமல் பற்றிக்கொள்ளும். மழுங்கிய உளி உரசுவதும், மிக மெல்லியதாகச் சீவுவதும், பக்கத்தில் உருக்கு அரைக்கும் கல்லிலிருந்து பொறி தெறிப்பதும் போதும். பற்றினால் சுடர் 3000 பாகை செல்சியசை நெருங்கும், வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது.

அப்போது தண்ணீர் வாளியைத் தூக்குவது கைப்பழக்கம். தூக்கவே கூடாது. எரியும் மக்னீசியம் தண்ணீரிலிருந்து ஐதரசனைப் பிரித்து வெடிக்க வைக்கும். காபனீரொட்சைட்டுத் தீயணைப்பானும் உதவாது, அந்த வாயுவுக்குள்ளேயே மக்னீசியம் எரியும். உலோகத் தீக்கென்று டி வகைத் தூள் இருக்கிறது. அது இல்லாத பட்டறையில், எண்ணெய் படாத, நன்றாகக் காய்ந்த வார்ப்பிரும்புச் சீவலை மூடிய வாளியில் வைத்திருங்கள். மெல்ல மூடி அமுக்கிவிட்டு விலகி நில்லுங்கள். சிறு நெருப்புக்கு இது போதும். பெரிதென்றால் ஆட்களை வெளியேற்றுவதுதான் வேலை. ஈர மணலை மட்டும் போடாதீர்கள்.

ஒரு பட்டறையில் நான் பார்த்தது: சங்கிலி வாளின் உடலை அலுமினியம் என்று நம்பிக் காஸ் சுவாலையால் ஒட்டப் போனார்கள். மக்னீசியம் 650 பாகையில் உருகும்வரை நிறம் மாறிக் காட்டாது. சுவாலையைக் கிட்டே பிடித்துக்கொண்டு சிவக்கட்டும் என்று காத்திருந்த பையனின் கண்முன்னே ஓரம் உருகி, வெள்ளை வெளிச்சமாகப் பற்றியது. மேசை இரும்பாக இருந்ததாலும் பக்கத்தில் எண்ணெய் இல்லாததாலும் கட்டி முழுவதும் எரிந்து வெண்சாம்பலாகி அடங்கியது. அந்த வினாகிரிச் சொட்டை ஒவ்வொரு பட்டறையும் பழக்கமாக்க வேண்டும்.

டைட்டேனியம் முற்றிலும் வேறு குணம். சூட்டைக் கடத்தவே கடத்தாது. ஏஇசட்31 மக்னீசியத்தின் வெப்பக் கடத்தாறு 90க்கு மேல் என்றால் தரம் 5 டைட்டேனியத்துக்கு 7தான். வெட்டும் இடத்துச் சூடு முழுவதும் உளியின் நுனியிலேயே தேங்கிவிடும். உருக்குக்கு ஓட்டும் வேகத்தில் ஓட்டினால் காபைட் நுனி கண்முன்னே நீலமாகி உதிரும். நிமிடத்துக்கு 50, 60 மீற்றர் வெட்டு வேகம் போதும். 30 மில்லிமீற்றர் தண்டுக்குச் சுற்று 600ஐத் தாண்டக்கூடாது. ஊட்டத்தைக் குறைக்காதீர்கள், உளியை நிறுத்தி உரச விடாதீர்கள், குளிர்நீரைத் தாராளமாக ஊற்றுங்கள். அதன் மெல்லிய சீவலும் தீப்பிடிக்கக்கூடியதுதான். குவிய விடாமல் அள்ளிவிட வேண்டும்.

ஒட்டுவது இன்னும் கடினம். 400 பாகையைத் தாண்டியதும் காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சி நொறுங்கும் பொருளாகிவிடும். குழாயின் வெளியே மட்டுமன்றி உள்ளேயும் ஆகன் வாயு நிரப்பி, ஒட்டிய பிறகும் ஆறும்வரை ஆகனுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஒட்டு வெள்ளிபோலவோ வைக்கோல் நிறத்திலோ வந்தால் நல்லது. நீலம் ஏறினால் சந்தேகம். சாம்பல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் வெட்டி எறிந்துவிட வேண்டும்.

பதில்: உப்பளத்துப் பெரியவர்

இந்த உரையாடலில் ஒரு விடயத்தைச் சேர்க்க ஆசைப்படுகிறேன். இந்த இரண்டு உலோகங்களும் கனடாவில் இருந்துதான் வரவேண்டும் என்று நம் பிள்ளைகள் நினைக்கக்கூடாது.

கொக்கிளாயிலிருந்து புல்மோட்டை வரை கடற்கரையில் கறுப்பு மணல் கிடக்கிறது. அதில் இல்மனைட்டு என்ற இரும்பு டைட்டேனிய ஒட்சைட்டும், ரூட்டைல் என்ற டைட்டேனிய ஒட்சைட்டும் இருக்கின்றன. 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் புதிய உலோகம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்ததும் இதே மாதிரிக் கறுப்பு மணலில்தான். மக்னீசியத்தைத் தேடி நாங்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஒரு கிலோ கடல் நீரில் ஒரு கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆனையிறவு உப்பளத்தில் உப்புப் படிந்த பிறகு பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரை நாக்கில் வைத்தால் சுள்ளென்று பிடிக்கும். அந்தக் கசப்பு முழுவதும் மக்னீசிய உப்புகள். அமெரிக்கர்கள் 1941இலேயே ரெக்சாசில் கடல் நீரிலிருந்து மக்னீசியம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். டைட்டேனியத்தை உலோகமாக எடுக்கும் முறையை லக்சம்பேர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரொல் கண்டுபிடித்தார். தாதுவைக் குளோரினோடு சேர்த்து டைட்டேனியம் நாற்குளோரைட்டு ஆக்கி, அதை உருகிய மக்னீசியத்தோடு வினைபுரிய விட்டால், குளோரினை மக்னீசியம் எடுத்துக்கொண்டு டைட்டேனியத்தை விட்டுவிடும். இன்றுவரை உலகத்து டைட்டேனியத்தில் பெரும்பகுதி இந்த வழியில்தான் வருகிறது. அதாவது ஒன்றோடு ஒன்றை நீங்கள் ஒப்பிடும் இந்த இரண்டில், ஒன்றைக் கொண்டுதான் மற்றதைப் பெரும்பாலும் எடுக்கிறார்கள். தேவைப்படும் மூன்றாவது பொருளான குளோரினையும் ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. கேள்வி கேட்ட தம்பியின் ஊரிலேயே.

இதற்காகத் தொழிற்சாலை கட்டுவது சிறிய விடயமல்ல. மின்சாரம் கொள்ளை கொள்ளையாய் வேண்டும். உலகில் தோண்டும் டைட்டேனியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்கு வரை பெயின்ற் முதலானவற்றுக்கான வெள்ளை நிறப்பொடி செய்யவே போகிறது, உலோகமாவது சிறுபங்கு. ஆனாலும் நம் பள்ளிக்கூடங்களில் இரசாயனம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நம் மண்ணின் பாடமாகச் சொல்லப்பட வேண்டும்.

பதில்: கால் பொருத்துபவர்

செயற்கை அவயவத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்கிறேன். முள்ளியவளை அக்காவின் கணக்குச் சரியானது. ஆனால் அண்ணா, உலோகத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் உங்கள் அத்தானின் காலை முழுதாகப் பாருங்கள். குழாய் 280 கிராம் என்றால், எஞ்சிய கால் நுழையும் உறை, பாதம், கவ்விகள், சப்பாத்து எல்லாம் சேர்ந்து ஒன்றரை, இரண்டு கிலோ வரும். குழாயை மெல்லிய டைட்டேனியத்துக்கு மாற்றினால் 200 கிராம் குறையும். நல்ல இலாபம்தான். ஆனால் சேறு உள்ளே புகும் சப்பாத்தும் தண்ணீர் குடிக்கும் அழகு நுரைப்பஞ்சும் அதைவிடக் கூடுதலாகச் சேர்த்துவிடும். பாதத்தில் கூடும் 100 கிராம், முழங்காலுக்குக் கிட்டக் கூடும் 100 கிராமைவிட அதிகமாகத் தொடையை இழுக்கும், ஏனென்றால் ஒவ்வோர் அடிக்கும் அதை வீசி முன்னே கொண்டுவர வேண்டும்.

வயல் செய்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஜெய்ப்பூர்க் கால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீர் புகாத இறப்பர்ப் பாதம், வெறுங்காலோடு சேற்றில் இறங்கலாம், சப்பாத்து வேண்டாம். அதன் மேல்பகுதியை உயரடர்த்திப் பொலித்தீன் குழாயைச் சூடாக்கி இழுத்து ஒரே கூடாகச் செய்யலாம். அந்த வகையில் நடுவில் உலோகக் குழாயே கிடையாது. துருவும் இல்லை, அரிப்பும் இல்லை, கழுவிக் கவிழ்த்து வைத்தால் சரி. ஊர்ப்பயணத்துக்கும் பஸ்ஸுக்கும் இப்போதிருக்கும் காலை வைத்துக்கொண்டு, வயலுக்கென்று இப்படி ஒன்று செய்விக்கலாமா என்று உங்கள் நிலையத்தில் கேளுங்கள். எஞ்சிய காலின் அளவு மாறியிருந்தால் உறையையும் புதிதாக எடுப்பார்கள். மாலையில் தொடை இழுப்பதற்கு உறை தளர்ந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பதில்: பரந்தன் கடைசற்பட்டறை

எல்லோருக்கும் நன்றி. அத்தானுக்கு இவற்றை வாசித்துக் காட்டினேன். சப்பாத்துச் செய்தியைக் கேட்டதும், சேற்றிலிருந்து ஏறும்போது சப்பாத்து மட்டும் கல்லாய்க் கனப்பது உண்மை என்றார். இரண்டாவது கால் பற்றி நிலையத்தில் கேட்கப்போகிறோம்.

இப்போதிருக்கும் காலிலும் குழாயை மாற்றித் தருவதாக அவர்கள் சொன்னால், அலுமினியமா டைட்டேனியமா கேட்பது? நான் என் கையால் ஏதாவது செய்து கொடுக்கவும் விரும்புகிறேன். எதில் கை வைக்கலாம்?

பதில்: முள்ளியவளைக்காரி

கால் பொருத்துபவர் சொன்னதை முதலில் செய்யுங்கள் தம்பி. பொலித்தீன் கூடு என் கணக்குக்குள் வரவே இல்லை. வயலுக்கு அதுதான் சரியான பொருள்.

மற்றக் காலுக்கு: குழாய் அலுமினியமாக இருக்கட்டும். 280 கிராமிலிருந்து 95க்கு வந்துவிடுகிறது, டைட்டேனியத்துக்குப் போய் மேலும் 14 கிராம் குறைப்பதற்குப் பல மடங்கு காசு கொடுக்கத் தேவையில்லை. மெல்லிய டைட்டேனியச் சுவரைக் கவ்வி நசுக்கிவிடும் என்ற பயமும் உண்டு. காசு இருந்தால் அதைக் கவ்விகளிலும் குழாயின் இரு முனைகளிலும் வரும் கோபுர வடிவ இணைப்பிகளிலும் போடுங்கள். சின்ன உறுப்பு, பெரிய தகைப்பு, ஓயாத களைப்பு: டைட்டேனியம் தன் விலைக்கு வேலை செய்வது அங்கேதான். அலுமினியக் குழாயும் டைட்டேனியக் கவ்வியும் ஈரத்தில் சேர்ந்து நின்றால் அலுமினியம் மெல்ல அரிபடும். ஆனபடியால் அந்தக் காலைச் சேற்றுக்குள் இறக்க வேண்டாம். உரம் எறியும் நாளில் தற்செயலாக நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடச் சொல்லுங்கள். உறுப்பின் மேல் பொறித்திருக்கும் நிறை எல்லையையும் பாருங்கள். அத்தானின் நிறையோடு அவர் தோளில் ஏற்றும் உரமூட்டையும் மருந்துத் தாங்கியும் சேரும் என்பதை நிலையத்தில் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. சேற்றில் ஊன்றுகோல் புதைந்துவிடுவதுதான் வயலில் பெரிய சிரமம். ஊன்றுகோலின் அடிக்கு, கையளவு அகலமான அலுமினியத் தட்டு ஒன்றை, எல்லாப் பக்கமும் சற்றுச் சாயக்கூடிய மூட்டோடு கடைந்து கொடுங்கள். தட்டில் சில துளைகள் போட்டால் உருவும்போது சேறு உறிஞ்சிப் பிடிக்காது. ஓரங்களை வட்டமாக்கிவிடுங்கள், கூரான உள்மூலை எங்கும் விடாதீர்கள், வெடிப்பு அங்கிருந்துதான் புறப்படும். அது முறிந்தால் அத்தான் ஒரு கையூன்றி நிமிரலாம். கால் முறிந்தால் அப்படியல்ல. அதனால்தான் ஒன்றை உங்களிடமும் மற்றதை நிலையத்திடமும் விடச் சொல்கிறேன்.

தட்டின் அளவை வரைந்து இங்கே போடுங்கள், மூட்டுக்கு என்ன புஷ் என்பதை வவுனியா ஐயாவும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.